துளசித் தொட்டிகளுக்குக் காவி

எந்தக் கோளாறுக்கும் எங்கள் மாமாவிடம் ஒரே வைத்தியம்தான் இருந்தது: பெயின்ட் அடிப்பது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வானவடி ராணுவக் குடியிருப்பில் மரத்தடிக்கும் வழியோரக் கல்லுக்கும்கூடக் காவியும் சுண்ணாம்பும் அடித்திருப்பார்கள். மாற்றலாகிப் போகிறவர்கள் விட்டுச்செல்லும் மண்தொட்டிகளை மாமா கோர்படியிலிருந்த எங்கள் வீட்டுக்குத் தள்ளுவண்டியில் கொண்டுவருவார். மண்ணைத் தட்டிக் கொட்டி, வெளியே காவி பூசி, விளிம்பில் வெள்ளைக் கோடு இழுத்தால் தொட்டி புதிதாகிவிடும். அதில் செடி வைத்து விற்பார். அவருக்கு ஃபேக்டரி வேலை போன பிறகு எங்களுக்கு அதுதான் சோறு. அம்மா இறந்து, அப்பாவும் எங்கோ போய்விட்டதால், நான் அத்தையிடமும் மாமாவிடமும் வளர்ந்தேன்.

தீபாவளி முடிந்ததும் அக்கம்பக்கத்து மராட்டிய வீடுகளில் துளசிக்குக் கல்யாணம் செய்வார்கள். அந்த வருடம் பல வீடுகளில் எங்களிடம் செடி சொல்லிவைத்திருந்தார்கள். தீபாவளிக்குள்ளேயே தொட்டித் துளசிகள் தலை தொங்கின. தண்டின் அடி கறுத்துவிட்டது. முதலில் வாங்கிப்போன அம்மாள், "கல்யாணத்துக்கு முன்பே பெண்ணைக் கொன்றுவிட்டீர்களே, அண்ணா" என்று மாமாவிடம் மராட்டியில் சொல்லிச் செடியைத் திரும்ப வைத்துவிட்டுப் போனாள்.

அத்தை அந்தத் தொட்டியைக் கவிழ்த்து உள்ளே சுரண்டினாள். பாசியும், முன்பிருந்த செடியின் அழுகிய வேரும் கையோடு வந்தன.

"புளிச்ச மாவு ஒட்டின சட்டியில புது மாவ ஊத்தினா என்னாவும்? வெளிய மேக்கப்பு, உள்ள நாத்தம்."

"தொட்டி இன்னா இட்லி குண்டானா? சொல்ல வந்துட்டா."

ஆனால் பிளாஸ்டிக் பைகளில் மீதமிருந்த நாற்றுகள் மட்டும் பச்சையாக நின்றன. அவை பழைய தொட்டியைப் பார்க்காதவை. மாமா காவி டப்பாவை மூடி ஓரமாக வைத்தார்.

எல்லாத் தொட்டிகளையும் மணலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்க்க வேண்டும். தண்ணீர் டாங்கிக்குப் போடும் பிளீச்சிங் பவுடரை டிரம்மில் கரைத்து ஊறவைக்க வேண்டும். பிறகு அலசி வெயிலில் கவிழ்க்க வேண்டும். கல்யாணமோ நெருங்கிவிட்டது.

"பையன கொஞ்ச நாளு ஸ்கூலுக்கு அனுப்பாதடி. சின்னக் கை, தொட்டிக்குள்ள சர்ருன்னு பூடும்."

எனக்கு ஒரே குஷி.

"அவன் போவட்டும். என் கையும் சின்னதுதான்."

"உன் கையா? ரோடு ரோலரு!"

முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். மாலையிலும் அத்தை என்னை டிரம் பக்கம் விடவில்லை. தொட்டியை உடைத்துவிடுவேன் என்று பயப்படுகிறாள் என்றே நினைத்தேன்.

கழுவிய தொட்டிகளில் நாற்றுகள் பிடித்துக்கொண்டன. சொல்லிவைத்த வீடுகளிலெல்லாம் கல்யாணம் நடந்தது. கோபித்துப் போன அம்மாளுக்கு மாமாவே ஒரு துளசியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். வெள்ளைக் கோட்டை மட்டும் அவர் விடவில்லை.

சில வருடங்களுக்குப் பிறகு நானே பள்ளிக்கூடத்தை விட்டு ஓடினேன். பல ஊர் ஓட்டல்களில் சோடாத் தண்ணீரில் பாத்திரம் கழுவி, விரலிடுக்கு வெடித்து, உப்பு பட்டாலே துடித்திருக்கிறேன். இன்று பஸ் போர்டு படிப்பதும் இதை எழுதுவதும் அத்தை என்னை நிறுத்தாமல் அனுப்பிய அந்தப் பள்ளிக்கூடத்தால்தான்.

தொட்டி கழுவிய அந்த நாட்களில் அத்தை ரசம் சாதத்தை ஸ்பூனில் சாப்பிட்டாள். ஆபீசர் வீட்டு அம்மா மாதிரி ஸ்டைல் என்று நான் சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை. எனக்கும் ஸ்பூன் வேண்டும் என்று அடம்பிடித்தேன். வீட்டில் இருந்தது ஒன்றுதான். அத்தை அதைக் கழுவி என்னிடம் கொடுத்துவிட்டு, கையால் பிசைந்து சாப்பிட்டாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்து, அன்று ரசத்தில் காரம் கொஞ்சம் அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.