சத்தமாகக் கத்துகிற யுபிஎஸ்

போன ஞாயிற்றுக்கிழமை கொச்சி காக்கநாட்டில் இருந்தேன். என் தங்கை மகன் கார்த்திக்கு அங்கே ஐ.டி. பார்க்கில் வேலை. புது ஃப்ளாட், புது லேப்டாப். சோபாவில் சாய்ந்து மடியில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தான். தலைக்கு மேலே ஃபேன் மெல்ல மெல்ல ஓய்ந்து நின்றது.

"டேய், கரண்ட் போச்சு!" - நான் எழுந்தே விட்டேன்.

கார்த்தி தலையைத் தூக்கவில்லை. "ஆமா மாமா. இப்ப ஜெனரேட்டர் எடுக்கும்" என்றான். விரல்கள் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. லேப்டாப்புக்குள்ளேயே பேட்டரி இருக்கிறதே... அவனுக்கென்ன?

எனக்குத்தான் சப்பென்று போய்விட்டது. ஒரு காலத்தில் கரண்ட் போவது எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது! வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் மட்டாஞ்சேரி வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. எனக்காக அல்ல, என் மனைவி சாந்தாவுக்காக. அவள் தென்காசிப் பெண். தமிழ் படித்தவள். நானோ இங்கேயே பிறந்து, மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்து, அப்பாவிடம் வீட்டில் தமிழ் எழுத்து கற்றவன். எங்கள் தெருவில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. ஆனால் பிள்ளைகள் எல்லாம் பஸ் போர்டைக்கூட மலையாளத்தில்தான் வாசிப்பார்கள். கல்யாணப் பத்திரிகை மட்டும் தமிழில் வேண்டும்! மாப்பிள்ளை வீட்டார் மதுரையிலோ திருநெல்வேலியிலோ இருந்தால் சும்மாவா?

எர்ணாகுளத்தில் ஒரு அச்சகம் தமிழ் வேலைகளை எல்லாம் சாந்தாவிடம் கொடுக்க ஆரம்பித்தது. முன்னறையில் கம்ப்யூட்டர். பின்னால் சமையலறை. குழம்பு கொதிக்கிற நேரத்தில் வந்து நாலு வரி அடிப்பாள். தாளிக்க ஓடுவாள். திரும்பி வந்து ஒற்றெழுத்து விட்டுப் போயிருக்கிறதா என்று பார்ப்பாள்.

ஒரு கோயில் திருவிழா மலருக்காகக் காலையிலிருந்து உட்கார்ந்து அடித்திருந்தாள். மத்தியானம் கரண்ட் போனது. அவ்வளவுதான். திரை கறுத்துவிட்டது.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்த நான் ஒரு கேள்வி கேட்டேன். "இடையில சேவ் பண்ணியிருக்கலாமே?"

அந்த ஒரு கேள்விக்காக அன்று ராத்திரி எனக்குக் கிடைத்தது வெறும் கஞ்சி.

அடுத்த லீவு நாளில் இரண்டு பேரும் யுபிஎஸ் வாங்கப் புறப்பட்டோம். மட்டாஞ்சேரி படகுத்துறையில் போட் ஏறி, காயலைக் கடந்து, எர்ணாகுளத்தில் இறங்கி, பிராட்வே கடைத்தெருவுக்கு நடந்தோம். வழியெல்லாம் நான் பிரசங்கம். இத்தனை விஏ சக்தி வேண்டும், இவ்வளவு நேரம் பேட்டரி நிற்க வேண்டும், கேரண்டி எப்படி என்று பார்க்க வேண்டும்... ஆபீஸில் யாரோ சொன்னதை எல்லாம் என் சொந்தச் சரக்குபோல் அவிழ்த்துவிட்டேன். சாந்தா 'ம்' கொட்டிக்கொண்டே வந்தாள்.

கடைக்காரர் வரிசையாக எடுத்து வைத்தார். "எத்ர நேரம் பேக்கப் வேணும் சேச்சி?"

"எவ்வளவு கூடுதலோ அவ்வளவு" என்று நான் வாயைத் திறப்பதற்குள் சாந்தா சொன்னாள்: "சேவ் பண்ணி, மூடி வைக்கிற நேரம் போதும். ஆனா நல்லா கத்தணும்."

கடைக்காரருக்குப் புரியவில்லை. கரண்ட் போனால் யுபிஎஸ் 'பீப் பீப்' என்று சத்தம் போடும் அல்லவா? வருகிறவர்கள் எல்லாம் அந்தச் சத்தம் குறைவாக இருக்கிறதைக் கேட்பார்களாம். இந்தச் சேச்சி என்ன இப்படி?

"நான் அடுக்களையில இருப்பேன் சேட்டா. பகல்ல லைட் எரியாது. கரண்ட் போனதே எனக்குத் தெரியாது. பேட்டரி தீர்ந்த பிறகு வந்து பார்த்து என்ன செய்ய?"

என் பிரசங்கத்தில் இந்த விஷயம் வரவே இல்லை.

"பிளக்கை உருவுங்க" என்று சொல்லிவிட்டுக் கடையை விட்டு இறங்கினாள். எதிரே குடைக் கடை வாசலில் போய் நின்றுகொண்டாள். நடுவில் பிராட்வே - மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்களின் கூச்சல், ஸ்கூட்டர் ஹார்ன், துணிக் கடைக்காரர்கள் கூவி அழைக்கிற சத்தம். கடைக்காரர் ஒன்றை உருவினார். அங்கிருந்து கையை ஆட்டினாள். கேட்கவில்லை. அடுத்தது... அதுவும் கேட்கவில்லை. பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் ஒரு கால்குலேட்டரைக் கையில் எடுத்து ரொம்ப அக்கறையாக ஆராய்ந்தேன்.

கடைசியில் மூலையிலிருந்து ஒன்றைத் தூசி தட்டி எடுத்தார். கோயம்புத்தூரில் யாரோ அசெம்பிள் செய்ததாம். இரும்புப் பெட்டி. பிளக்கை உருவியதும் ஒரு அலறல் அலறியது பாருங்கள்... குடைக் கடைக்காரரே திரும்பிப் பார்த்தார். சாந்தா சிரித்துக்கொண்டே சாலையைக் கடந்து வந்தாள்.

திரும்பும்போது போட்டில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கால் மரத்துப் போனது.

யுபிஎஸ் தன் வேலையைச் செய்தது. சாந்தாவின் வேலை அதற்குப் பிறகு ஒருநாளும் அழியவில்லை. ஆனால் வேறொன்று கெட்டது.

எங்கள் வீடும் பக்கத்து வீடும் ஒரே சுவர். பக்கத்தில் ஹம்சக்காவும் (இக்கா என்றால் இங்கே அண்ணன்) அவர் மனைவி ரம்லத்தாவும். ஹம்சக்கா பஜாரில் மிளகு கோடவுனில் வேலை செய்தார். விடியும் முன்பே போய்விட்டு மத்தியானம் வந்து தூங்குவார். எங்கள் ஊரில் வோல்டேஜ் ஒரு மாதிரி. கரண்ட் இருக்கும், ஆனால் இறங்கிப் போயிருக்கும். அப்போதும் யுபிஎஸ் அலறும். மத்தியானத் தூக்கத்தில் அந்த அலறல் எப்படி இருந்திருக்கும்?

ஒருநாள் கைலியோடு வந்து வாசலில் நின்றார்.

"கரண்டு உண்டல்லோ சாரே! பின்னெ எந்தினா இது கிடந்து கரயுன்னெ?" - கரண்ட் இருக்கும்போதும் இது ஏன் அழுகிறது என்றுதான் கேட்டார். நான் வோல்டேஜ் பற்றி விளக்க ஆரம்பித்தேன். அவருக்கு இளைப்பு வியாதி. கோபம் வந்தால் மூச்சு வாங்கும். "ஒண்ணுகில் அது இவிடெ, அல்லெங்கில் ஞான்!" என்றார். ஒன்று அது இங்கே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர்.

சாந்தா உள்ளேயிருந்து வந்தாள். "அது கத்தினாத்தான் இக்கா என் வேலை நடக்கும். உங்க தூக்கம் கெடுதுன்னு தெரியும். நான் என்ன செய்யட்டும்?"

அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிப் போனார். அன்றோடு பேச்சு நின்றது. கொல்லைச் சுவருக்கு மேலே வந்துகொண்டிருந்த ரம்லத்தாவின் மீன்கறிக் கிண்ணமும் நின்றது. நான் யுபிஎஸ்ஸைத் துண்டால் மூடிப் பார்த்தேன். தொட்டால் சுட்டது. உள்ளே சத்தம் போடும் பஸ்ஸரைப் பிடுங்கிவிடலாமா என்று கேட்டேன். சாந்தா பார்த்த பார்வையில் ஸ்க்ரூ டிரைவரைத் திரும்பப் பெட்டியில் வைத்தேன்.

அந்த வருடம் ஜூன் மாத இடவப்பாதி மழை மூர்க்கமாகப் பிடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், காற்றில் மரம் சாய்ந்து கம்பிமேல் விழுந்து தெருவுக்கே கரண்ட் போனது. யுபிஎஸ் அலறியது. சாந்தா ஓடி வந்து சேவ் செய்தாள், கம்ப்யூட்டரை மூடினாள். யுபிஎஸ்ஸை அணைக்கக் கை நீட்டிய நேரத்தில் கதவை யாரோ இடித்தார்கள்.

ரம்லத்தா. தலைமுதல் கால்வரை ஈரம்.

"சாந்தே, இக்காக்கு ஸ்வாசம் முட்டுன்னு. மெஷீன் ஓடணில்லா... கரண்டில்லா..."

மருந்தைப் புகையாக்கி மூச்சில் இழுக்க வைக்கும் சின்ன மெஷின் அவர்கள் வீட்டில் இருந்தது. வளைகுடாவில் இருக்கும் ரம்லத்தாவின் தம்பி கொண்டுவந்தது. அது கரண்டில் ஓடுவது. தெருவில் முட்டளவு தண்ணீர். ஆட்டோ வராது.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. சாந்தாவுக்கு ஓடியது. அணைக்க நீட்டிய கையால் கம்ப்யூட்டர் வயர்களைப் பிடுங்கினாள். "அணைச்சா மறுபடி எடுக்குமோ என்னமோ. அப்படியே தூக்குங்க!"

தூக்கினேன். மேஜைமேல் விரித்திருந்த பிளாஸ்டிக் ஷீட்டை அதன்மேல் போர்த்தினாள். கொட்டுகிற மழையில், அலறிக்கொண்டிருக்கும் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி தண்ணீரில் இறங்கி நடந்தேன். ஜன்னல்களில் எல்லாம் முகங்கள்.

ஹம்சக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் முட்டியில் ஊன்றியிருந்தார். தோள்கள் ஏறி ஏறி இறங்கின. உதடு நீலம் பாய்ந்திருந்தது. சாந்தா மெஷினின் பிளக்கை யுபிஎஸ்ஸின் பின்னால் செருகினாள். ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு 'கர்ர்' என்றது. முகமூடிக்குள் வெள்ளையாகப் புகை வந்தது. ரம்லத்தா சுவரில் சாய்ந்து வாய்க்குள் ஏதோ ஓதினார்.

பீப்... பீப்... பீப்... அந்தச் சின்ன அறையில் காதைப் பிளந்தது. எனக்குக் கூச்சமாக இருந்தது.

"சத்தம்... கொஞ்சம் பொறுத்துக்கணும் இக்கா" என்றேன்.

அவர் முகமூடியைக் கொஞ்சம் விலக்கினார். "அது கரஞ்ஞோட்டே சாரே... நிக்காதிருந்தா மதி."

அழட்டும், நிற்காமல் இருந்தால் போதும்.

பீப் சத்தம் வேகமாக ஆரம்பித்தது - பேட்டரி தீரப் போகிறது என்று அர்த்தம். யாரும் யாரையும் பார்க்கவில்லை. மருந்துக் கிண்ணத்தில் மட்டும் எல்லோர் கண்ணும். மருந்து வற்றியது. ஹம்சக்காவின் தோள்கள் இறங்கின. சற்று நேரத்தில் யுபிஎஸ் ஒரு நீளமான ஊதல் ஊதி அடங்கியது.

மழை விட்டதும் ஆட்டோ கிடைத்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மிளகுத் தூசி இனி ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஹம்சக்கா கோடவுனை விட்டுவிட்டு, மச்சானின் செருப்புக் கடையில் உட்கார ஆரம்பித்தார். மீன்கறிக் கிண்ணம் பழையபடி சுவரேறியது.

சாந்தா கொல்லையில் துணி துவைக்கும்போது யுபிஎஸ் சத்தம் கேட்காமல் போவதுண்டு. அப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருக்கும் ஹம்சக்காவின் குரல் வரும்: "சாந்தே, கரண்டு போயி! ஓடிவா!" இவள் சோப்பு நுரைக் கையோடு ஓடுவாள். எத்தனை கல்யாணப் பத்திரிகைகள் அந்தக் குரலால் பிழைத்தனவோ!

பிறகு மகளோடு இருக்க அவர்கள் பள்ளுருத்திக்கு மாறினார்கள். சாமான்கள் எல்லாம் டெம்போவில் ஏறிய பிறகு ஹம்சக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்கார்ந்து நிதானமாகச் சாயா குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "இனி கரண்டு போயா நின்னெ ஆரு விளிக்கும் சாந்தே?" கரண்ட் போனால் இனி உன்னை யார் கூப்பிடுவார்கள் என்று.

சாந்தா அந்த டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

யுபிஎஸ் வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் எல்லாம் விசாரியுங்கள். புறப்படும் முன் பக்கத்து வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.