பஜ்ஜியில் ஓடிய கூட்ஸ் எஞ்சின்

என்னைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் பொழிச்சலூரிலிருந்து வருவதற்கு முன்பே அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "என்னைப் பத்தி மட்டும் வாயே திறக்காத." கல்யாணத்துக்குப் பிறகு அம்மாவும் என்னோடுதான் இருப்பாள் என்று நான் சொல்லப்போய்த்தான் முன்னால் வந்த வரன்களெல்லாம் நழுவின. அப்பா இல்லை, நான் ஒரே பெண். அவள் வேறு எங்கே போவாள்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் தலையாட்டி வைத்தேன்.

மாப்பிள்ளையும் அவருடைய அக்காவும் மட்டும் வந்தார்கள். அவர் குனிந்த தலை நிமிரவில்லை. யார் யாரைப் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது.

எங்கள் பெருங்களத்தூர் வீட்டுக்குப் பின்னால்தான் தண்டவாளம். ஒரு கூட்ஸ் ரயில் போனது. ஷோகேஸ் கண்ணாடி அதிர்ந்தது. அவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"இந்த எலக்ட்ரிக் எஞ்சினெல்லாம் பின்னாடி வந்ததுங்க. பிராட்கேஜ்ல ஆரம்பத்துல சரக்கு இழுத்த ஸ்டீம் எஞ்சின் எப்படி இருக்கும் தெரியுமா?"

"டேய்," என்றார் அக்கா.

கேட்டால்தானே? தட்டிலிருந்த வாழைக்காய் பஜ்ஜியில் மூன்றை வரிசையாக வைத்து, மூன்றின் மேலும் படுகிற மாதிரி கேசரி ஸ்பூனைப் படுக்கவைத்தார்.

"ஒரு பக்கத்துக்கு மூணு சக்கரம். மூணையும் ஒரே கம்பி இணைக்கும். பாசஞ்சர் எஞ்சினுக்குப் பெரிய சக்கரம், வேகமா போகும். இதுக்குச் சின்ன சக்கரம், மெதுவாத்தான் போகும். ஆனா எஞ்சினோட மொத்த வெயிட்டும் இந்த ஆறு சக்கரத்து மேலயே உக்காந்திருக்கும். அதனால எவ்ளோ லோடு இருந்தாலும் வழுக்காம இழுக்கும்."

அக்கா தலையில் கைவைத்துக்கொண்டார். "இதை இங்க பேசாதன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். இதனாலயே ரெண்டு எடம் தட்டிப் போச்சும்மா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேசக்கூடாததை அவர் பேசியாகிவிட்டது. எனக்கு மட்டும் என்ன வந்தது?

"நானும் ஒண்ணு சொல்லணும்," என்றேன். "கல்யாணத்துக்கு அப்புறம் எங்கம்மாவும் என்கூடத்தான் இருப்பாங்க."

சமையலறை வாசலில் நின்ற அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. வந்து அரை மணி நேரம்கூட ஆகாத இந்த மனிதரும் எழுந்து போய்விடுவாரோ என்று நிஜமாகவே பயந்தேன்.

அவர் அக்கா பக்கம் திரும்பவில்லை. அம்மாவைப் பார்த்துக் கேட்டார்: "ஆன்ட்டி, எங்க வீடு ரெண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது. உங்களுக்கு முட்டி வலி ஏதாச்சும் இருக்கா? இருந்தா கீழ்வீடா பார்த்துடலாம்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி," என்றாள் அம்மா அவசரமாக.

"இருக்கு," என்றேன் நான்.