சிவப்புப் பொட்டு வைத்த வாஷிங் மெஷின்கள்

என் மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு குடும்பம் நடத்துவது என்ன பாடு என்று என் மகளைத்தான் கேட்க வேண்டும். பழைய வாஷிங் மெஷின்களை வாங்கி, பழுது பார்த்து விற்கிறவர். தான் புதிதாக மாற்றிய பாகத்தில் எல்லாம் சிவப்புப் பெயின்டால் ஒரு பொட்டு வைப்பார். வாங்க வருகிறவரிடம் மூடியைத் திறந்து, "பொட்டு வச்சது புதுசு, மத்ததெல்லாம் பழசு" என்று தானாகவே காட்டுவார்.

வந்தவர்கள் பொட்டுகளைப் பார்த்து மிரண்டு எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள். அங்கே எல்லாம் பளபள. உள்ளே என்ன கோளாறு என்பது அந்தக் கடைக்காரனுக்கு மட்டுமே வெளிச்சம்.

"கேக்காததை எதுக்கு மாப்பிள்ளை சொல்றீங்க?" என்றேன்.

"எனக்குத் தெரிஞ்சது வாங்கறவங்களுக்கும் தெரிய வேணாமா, அத்தை?"

"தெரியட்டும். கடை வாடகையையும் அவங்களே கட்டட்டும்."

சிரித்தார். வாடகை நின்றுபோய், இடத்துக்காரர் காலி செய்யச் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது.

பிறகு மெல்லக் காற்று திரும்பியது. இவரிடம் வாங்கியது மக்கர் பண்ணுவதில்லை என்று பேச்சு பரவ, "பொட்டு வச்ச மெஷின் இருக்கா?" என்று கேட்டே வந்தார்கள். கடை தப்பித்தது என்று நான் மூச்சு விட்டேன். விட்டிருக்கக் கூடாது.

எதிர்க்கடைக்காரனும் ஒரு டப்பா சிவப்புப் பெயின்ட் வாங்கினான். திருகாணியைக்கூடக் கழற்றாத மெஷினுக்கெல்லாம் அம்மை போட்ட மாதிரி பொட்டு. விலையும் குறைவு. நேரே போய்க் கேட்டேன்.

"சிவப்பு என்ன, உங்க மாப்பிள்ளை பேர்ல பட்டாவா போட்டிருக்கு, பாட்டி?"

வந்த வழியே திரும்பினேன்.

நேற்று ஒருத்தி ஒழுகுகிற மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இவரைப் பிடித்துக்கொண்டாள். "உங்க பொட்டை நம்பித்தானே எதிர்க்கடையில வாங்கினேன்?"

"அது என் பொட்டு இல்லம்மா."

"எல்லாம் ஒரே பொட்டுதான், ரெண்டு பேரும் கூட்டுதான்!"

தெருவே வேடிக்கை பார்த்தது. இவரோ குனிந்து, அந்த ஒழுகலையும் சும்மாவே அடைத்துக் கொடுத்தார்.

இன்று காலை கடைச் சாவியை இடத்துக்காரரிடம் கொடுத்துவிட்டார். இனி வீடு வீடாகப் போய்ப் பழுது பார்ப்பாராம். "அவங்க கண்ணு முன்னாடியே கழட்டி மாட்டுவேன், அத்தை. பொட்டே வேணாம்."

மிச்சப் பெயின்டை என் வாசல் கதவுக்கு அடிக்கட்டுமா என்று கேட்கிறார். படாரென்று கதவைச் சாத்திவிட்டேன்.