கெசியா அக்கா எறிந்த பந்து

கெசியா அக்கா எங்கள் ஷூ தொழிற்சாலையில் மேல்தோல் தைப்பவள். இருபது வருஷமாக எனக்குப் பக்கத்து மிஷின். யாருக்கும் பணிந்துபோகத் தெரியாது. அதனால்தான் அவளை எனக்குப் பிடிக்கும்.

1908இல் எங்கள் மாசசூசெட்ஸ் ஊருக்கு ஒரு கிறுக்கு பிடித்தது. நியூயார்க் பக்கத்து ராணுவ அதிகாரி ஒருவர் 1839இல் பேஸ்பாலைக் கண்டுபிடித்தார் என்று ஏதோ கமிட்டி சொல்லிவிட்டதாம். அதை அப்படியே கல்லில் வெட்டி எங்கள் மைதானத்திலேயே நடப்போகிறார்களாம். எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்குக் கேட்கவா வேண்டும்? மதியச் சாப்பாட்டை அப்படியே போட்டுவிட்டு ஊர்த்தலைவர் வெயின்ரைட்டிடம் போனாள். நானும் கூடவே போனேன்.

“எங்கப்பா டார்பெல் 1829லயே அந்த மைதானத்துல ஓடியிருக்காரு, ஒன்பது வயசுல. எனக்கு எறியக் கத்துக்குடுத்ததும் அவருதான். உங்க அதிகாரி வந்து கண்டுபிடிக்கிற வரைக்கும் அவரு என்ன பாண்டியா ஆடிக்கிட்டிருந்தாரு? கல்லுல ‘இந்த ஊர்ப் பிள்ளைங்க ஆடின ஆட்டம்’னு போடுங்க.”

“ஆதாரம் இருக்காம்மா? நீங்க ஷூவத் தைங்க. சரித்திரத்தை நாங்க பாத்துக்கிறோம்.”

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய்க் கம்பளி நூலை உருண்டையாகச் சுற்றி, துண்டுத் தோலால் மூடித் தைத்தாள். எங்கள் பழைய ஆட்டத்துப் பந்து அது. ஓடுகிறவன் மேலேயே எறிவோம். பட்டால் அவன் அவுட். அதனால் பந்து மெத்தென்று இருக்கும்.

ஜூலை நாலாம் தேதி, துணி மூடிய கல்லுக்குப் பக்கத்தில் மேடை. தலையாட்டுவதற்கென்றே தன் எண்பத்து நாலு வயது அப்பா ஏசாவை வெயின்ரைட் அங்கே உட்காரவைத்திருந்தார். பேசி முடித்ததும் கோட்டைக் கழற்றிவிட்டுக் கீழே இறங்கினார். “அந்த அதிகாரி வகுத்த ஆட்டம் இதுதான்” என்று மட்டையால் ஒரு தட்டுத் தட்டி ஓடிக் காட்டினார். பாதி வழியில் முதுகில் பொத்தென்று ஒன்று விழுந்தது.

“அவுட்டு,” என்றாள் கெசியா அக்கா.

“என்ன கூத்து இது? பேஸ்பால்ல இப்படி ஒரு விதியே கிடையாது.”

“உங்க அதிகாரியோட ஆட்டத்துல கிடையாது. எங்கப்பா ஆட்டத்துல உண்டு.”

வெயின்ரைட் மேடையைப் பார்த்தார். “அப்பா, நீங்களே சொல்லுங்க.”

ஏசா கைத்தடியை ஊன்றி மெல்ல எழுந்தார். புல்லில் கிடந்த பந்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“டார்பெல் பந்துடா அது. இதே இடத்துல என் முதுகுல எத்தனை தடவை அடிச்சிருப்பான். நான் அப்போ அரை டிராயர் போட்ட பொடியன். உன் அதிகாரியெல்லாம் அப்புறந்தான். நீ அவுட்டு. வெளிய போ.”

அந்தக் கல்லை அன்றைக்குத் திறக்கவில்லை. இன்றைக்கும் மைதானத்து ஓரத்தில் குப்புறக் கிடக்கிறது. ஆட்டத்துக்கு முன்னால் அதன்மேல் உட்கார்ந்துதான் ஷூ நாடா கட்டிக்கொள்கிறோம்.