அம்மா நிறுத்தாமல் போன கார்

கார்புரேட்டரைக் கழற்றியதும் பெட்ரோல் வாடை மூக்கில் ஏறியது. செலியமேட்டில் எங்கள் மாட்டுக்கொட்டகையில், புதிதாக வாங்கிய இந்தப் பழைய காரோடு மூன்று மாதமாக மல்லுக்கட்டுகிறேன். இரும்புக்குப் போடச் சொல்லாத ஆள் ஊரில் இல்லை. போட மாட்டேன்.

நான் பள்ளிக்கூடம் போன காலைகளில் வீட்டு வாசலில் இதே வாடைதான் அடிக்கும். அப்பாவின் காரும் இதே மாடல். தள்ளினால்தான் ஸ்டார்ட் ஆகும். அப்பாவும் சித்தப்பாவும் தள்ளுவார்கள். புடவையோடு தள்ள முடியாதென்று அம்மாவை ஸ்டீயரிங்கில் உட்கார வைத்து, இரண்டாம் கியரை அப்பாவே போட்டுவிடுவார். “கிளட்ச்ச வுடு!” என்று கத்துவார். என்ஜின் உறுமியதும் அம்மா இறங்கிப் பின்சீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

ஒருமுறை அம்மா பிறந்த ஊரான கரையாம்புத்தூரில் திருவிழா. “கரும்பு வெட்டுற நேரத்துல இன்னா திருவிழா?” என்றார் அப்பா. மறுநாள் காலை என்ஜின் உறுமியது, அம்மா இறங்கவில்லை. பின்சீட்டில் நான். “நிறுத்துடி!” என்ற அப்பாவின் குரல் தேய்ந்துகொண்டே போனது. கரையாம்புத்தூர் வரைக்கும் இரண்டாம் கியரிலேயே ஓட்டினாள். வேறு கியர் போட அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

இப்போது கொட்டகை வாசலில் வந்து நிற்கிறாள்.

“கியரெல்லாம் வுழுதாடா?”

“நாலும் வுழுதும்மா.”

“அப்ப சீக்கிரம் முடி. எனக்கு இன்னும் மூணு பாக்கி இருக்குது.”