நான் மொழிபெயர்க்காத வரி

தலைகீழாக இருக்கும் எழுத்தை என்னால் விரைவாகப் படிக்க முடியும். அதிகாரிகளின் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, அவர்கள் முன்னால் விரித்திருக்கும் கோப்பைப் படிப்பது நிருபர்களுக்கு வேண்டிய திறமை. அதை நான் பத்திரிகையில் கற்றுக்கொண்டதாகத்தான் உடன் வேலை செய்தவர்கள் நினைத்தார்கள். உண்மையில் நான் முதன்முதலாக அப்படிப் படித்தது மலேசியாவின் கேமரன் மலையில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் வீட்டின் முன்னறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். தட்டச்சில் அடித்த ஒரு படிவம். ஐந்து கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, மலாயில் 'இல்லை' என்ற ஒரே சொல். ஐந்தாவது முறை அதை எழுதிய பிறகு படிவத்தோடு வந்திருந்த மனிதர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். படிவம் என் தங்கையைப் பற்றியது. அவள் அன்று வீட்டில் இல்லை.

எழுபதுகளின் பிற்பாதி அது. அப்பா தேயிலைத் தோட்டத்தில் கவாத்து வெட்டுகிறவர். செடியின் தலையைச் சமமாகச் சீவுவதில் அவர் கைக்கு இணை கிடையாது என்பார்கள். அம்மா கொழுந்து பறித்தார். நான் பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்துவிட்டுத் தோட்டத்து ஆபீசில் சின்னக் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் எழுத்தராகச் சேர்ந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. என்னைவிட இரண்டு வயது இளையவளான தங்கை ஆறாம் படிவமும் முடித்துத் தலைநகரத்துப் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். இரண்டு பேரும் மேலே படிக்க வீட்டில் வசதியில்லை. யாரும் என்னை நிறுத்தச் சொல்லவில்லை, நானாகத்தான் நின்றேன் என்று எல்லோரிடமும் சொல்லி வந்தேன். என் தேர்வு முடிவு அவளுடையதைவிட ஒரு படி மேல் என்பதை யாரிடமும் சொன்னதில்லை.

பல்கலைக்கழகத்தில் விருப்ப மொழியாக அவள் ரஷ்ய மொழியை எடுத்தாள். ஏன் என்று கேட்டதற்கு, வகுப்பில் கூட்டம் இல்லை, ஆசிரியை ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்றாள். விடுமுறைக்கு மலையடிவாரத்துத் தாப்பாவிலிருந்து பஸ் ஏறி வருகையில், அந்த மொழிப் புத்தகங்களை எண்ணெய்த் தாளில் சுற்றிக் கொண்டு வருவாள். மலையின் ஈரத்தில் காகிதம் ஒரு மாதத்தில் பூசணம் பிடித்துவிடும். பிற்பகல் கொழுந்து நிறுவை முடிந்து எல்லோரும் வீடு திரும்பிய பிறகு, மழை பிடித்துக்கொண்டால், முன்னறையில் உட்கார்ந்து கதை வாசிப்பாள். கண் ரஷ்ய எழுத்தில் ஓடும், வாய் தமிழில் சொல்லும். அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்களும் கால் நீட்டி உட்கார்ந்து கேட்பார்கள். அப்பா வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்காருவார். அவருக்கு எந்த மொழியிலும் எழுத்துத் தெரியாது. ஆனால் ஒரு வாக்கியத்தைச் சும்மா விடமாட்டார்.

ஒரு கதையில் ஆற்றங்கரைக்கு வந்த கரடி படகோட்டியிடம், "ஐயா, என்னை அக்கரையில் சேர்ப்பீர்களா?" என்று கேட்பதாக அவள் வாசித்தாள். அப்பா கையைத் தூக்கி நிறுத்தினார்.

"கரடி என்னா பெரிய கிராணியா? அப்படி யாரு பேசுவா? 'யோவ், என்னையும் ஏத்திக்கிட்டுப் போய்யா'ன்னு கேக்கும்லா."

"கரடிக்கு மரியாத தெரியாதாப்பா?"

"பசியில இருக்குன்னு நீதான சொன்னே. பசிக்கிறவன் எங்க மரியாத பாப்பான்?"

பெண்கள் சிரித்தார்கள். தங்கை சிரிக்காமல் பென்சிலை எடுத்து ஓரத்தில் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். எனக்கும் சொல்வதற்குச் சில திருத்தங்கள் இருந்தன. நான் நாளிதழுக்குத் தோட்டச் செய்திகள் அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. அவள் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கடைசி ஆண்டில் ஓர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருப்பதாக என்னிடம் மட்டும் சொன்னாள். ரஷ்ய மொழி மாணவர்களுக்கானது. மாஸ்கோவில் ஓராண்டுப் படிப்பு, அதன் பிறகு அங்கே ஒரு பதிப்பகத்தில் சில மாதங்கள் மொழிபெயர்ப்புப் பயிற்சி. எல்லா மாணவர்களுக்கும் சேர்த்து ஒரே ஓர் இடம். "கெடைச்சா அப்பாகிட்ட நானே சொல்லிக்கிறேன்ண்ணே. இப்பவே சொன்னா பயந்துருவாரு" என்றாள்.

அவர் பயப்படக் காரணம் இருந்தது. ரஷ்யா என்றால் கம்யூனிஸ்டு. வெள்ளைக்கார அரசு காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளைத் தேடிய ஐம்பதுகளின் அவசரகாலத்தில் எங்கள் லயத்தில் ஒருவர் கருவாடு சுற்றி வந்த தாளை எறியாமல் சுவரிலே செருகி வைத்திருந்தார். அதில் சீன எழுத்தில் ஏதோ அச்சடித்திருந்தது. சோதனைக்கு வந்தவர்கள் அதை எடுத்தார்கள், அவரையும் அழைத்துப் போனார்கள். திரும்பி வந்தபோது அவர் யாருடனும் பேசுவதை விட்டிருந்தார். படிக்கத் தெரியாத ஒரு தாளுக்காக ஒரு மனிதன் அப்படி ஆனதை அப்பா பக்கத்து வீட்டிலிருந்து பார்த்தவர். மகள் கொண்டுவந்த புத்தகங்களை அவர் தடுக்கவில்லை. ஆனால் வாசித்து முடித்ததும், "உள்ள எடுத்து வெய்யி தாயி" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை துரையின் லேண்ட்ரோவர் லயத்துக்குள் வந்தது. தோட்ட மேலாளரின் வண்டி லயத்துக்கு வருவது நல்லதுக்கு அல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். அதன் சத்தம் கேட்டதுமே அம்மா தங்கை மேசை மேல் விட்டுப்போயிருந்த இரண்டு ரஷ்யப் புத்தகங்களை அரிசிப் பானைக்குள் தள்ளி மூடினார். வண்டியிலிருந்து இறங்கியவர் நடுத்தர வயது மலாய்க்காரர். மூக்குக்கண்ணாடி, நனைந்த காலணி, கையில் கோப்பு. வாசலிலேயே காலணியைக் கழற்றினார். உதவித்தொகைக் குழுவிலிருந்து வருவதாகவும், தங்கை இறுதிச் சுற்றில் இருப்பதாகவும், விண்ணப்பத்தில் எழுதியிருப்பதைக் குடும்பத்தாரிடம் கேட்டு உறுதி செய்ய வந்திருப்பதாகவும் தெளிவாகச் சொன்னார். அப்பாவுக்கு வேலையிடத்து மலாய் கொஞ்சம் வரும், இது அவருக்கு எட்டாது. நான்தான் இருவருக்கும் இடையே நின்று மொழிபெயர்த்தேன்.

அப்பா புன்னகையை விடாமல் தமிழில் என்னிடம் சொன்னார்: "அப்பவும் இப்படித்தான் வந்தானுங்க. சிரிச்சிப் பேசி, காப்பி குடிச்சிட்டு, பேர எழுதிக்கிட்டுப் போனானுங்க. ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லுப்பா."

மகள் ரஷ்ய மொழி படிப்பது தெரியுமா? தெரியாது. வீட்டில் அந்தப் புத்தகங்கள் உண்டா? இல்லை. அவள் உங்களுக்குக் கதைகளை மொழிபெயர்த்துச் சொல்வதுண்டா? இல்லை. நீங்கள் அவளுடைய தமிழைத் திருத்துவதுண்டா? நான்காவது கேள்வியை நான் தமிழில் சொன்னபோது அப்பா ஒரு கணம் தரையைப் பார்த்தார். பிறகு, "எனக்கு என்னா தெரியும், நான் படிக்காதவன்" என்றார். நான் அதையும் மலாயில் சொன்னேன்.

வந்தவர் எழுதுவதை நிறுத்தினார். கோப்பிலிருந்து இரண்டு பக்கங்களை உருவி என்னிடம் நீட்டினார். தங்கையின் கையெழுத்து, ஆங்கிலத்தில். ஒரு வரியின் மேல் விரலை வைத்து, "இதை உன் அப்பாவிடம் சொல்" என்றார். 'எனக்குக் கிடைத்த முதல் பதிப்பாசிரியர் என் தந்தை. அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் அவர் காதைத் தாண்டி ஒரு பொய்யான வாக்கியம்கூடப் போக முடியாது. நான் அங்கே கற்கப் போவதெல்லாம் அவர் ஏற்கெனவே தொடங்கி வைத்ததுதான்.'

அந்தக் கணத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது, வந்தவர் சொல்வது உண்மை என்று. இந்த வரியைத் தமிழில் சொன்னால் அப்பாவின் பயம் அங்கேயே கரைந்துவிடும் என்பதும் தெரிந்தது. நான் அந்த இரண்டு பக்கங்களையும் வேகமாக முழுவதும் படித்தேன். அம்மா இருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் இருந்தார்கள். மழையும் வாளியும்கூட இருந்தன. அண்ணன் என்ற சொல் எங்கும் இல்லை.

"என்னாப்பா அது?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லப்பா. சும்மா ஒரு ஃபாரம்."

வந்தவர் என் முகத்தைப் பார்த்து ஐந்தாவது கேள்வியை என்னிடமே கேட்டார். சகோதரன் என்ற முறையில், அவள் கதை சொல்லி நீ கேட்டதுண்டா? இல்லை என்றேன். அதைச் சொல்ல யாரும் என்னைப் பணிக்கவில்லை.

இடம் வேறொருவருக்குப் போயிற்று. குழு அவளுக்குத் தெரிவித்ததெல்லாம், விண்ணப்பத்தில் எழுதியதைக் குடும்பத்தார் மறுத்துவிட்டார்கள் என்பதுதான். அவளுடைய எழுத்தைக் காட்டிய பிறகும் மறுத்தார்கள் என்று வந்தவர் எழுதிய குறிப்பும் அதனுடன் இருந்தது. அடுத்த விடுமுறைக்கு அவள் வந்தாள். சண்டை போடவில்லை. "உங்களுக்குக் கத ஒண்ணும் தெரியாதாமேப்பா?" என்று ஒருமுறை கேட்டாள். அப்பா கவாத்துக் கத்தியை எடுத்துத் தீட்டத் தொடங்கினார். புத்தகங்கள் கோலாலம்பூரிலேயே தங்கிவிட்டன. அவள் படிப்பை முடித்து, மலையிலேயே பிரிஞ்சாங் ஊரில் இடைநிலைப் பள்ளி ஆசிரியையாகி, திருமணம் செய்துகொண்டாள். மாதம் தவறாமல் வீட்டுக்கு வருவாள். அப்பாவுக்கு மருந்து வாங்கி வருவாள், நகம்கூட வெட்டிவிடுவாள். கதை மட்டும் சொல்லவில்லை. பிற்பகலில் மழை வந்தால் அப்பா வாளியைக் கவிழ்த்துப் போட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். பிறகு எழுந்து மாட்டுக்குப் புல் அறுக்கப் போய்விடுவார். அவள் கதையை நிறுத்தியதையும் அவர் அப்படி உட்கார்ந்திருந்ததையும் நான் பார்த்தேன், சில வருடங்களுக்குப் பிறகு பத்திரிகை வேலை கிடைத்துத் தலைநகரம் போகும்வரை.

எண்பதுகளின் நடுவில் அப்பா இறந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு, நானும் தங்கையும் பின்கட்டில் பெரிய சட்டிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தோம். சாம்பல் படிந்த கையை முழங்காலில் ஊன்றி அவள் சொன்னாள்:

"பயத்துல இல்லன்னு சொன்னது எனக்குப் பெரிசில்லண்ணே. நானா இருந்தாலும் சொல்லியிருப்பேன். நான் எழுதினதக் கேட்டப்பறமும் இல்லன்னு சொன்னாரு பாரு, அதத்தான் என்னால தாங்க முடியல."

நான் தண்ணீர்க் குழாயை மூடினேன்.

"அப்பா அதக் கேக்கல. அந்தத் தாள வந்தவரு என் கையிலதான் குடுத்தாரு. நான் அப்பாவுக்குச் சொல்லல."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. பிறகும் கேட்கவில்லை. வீட்டுக்குள் மாலை போட்டிருந்த படத்தை இங்கிருந்து பார்க்க முடியாது, ஆனாலும் அந்தப் பக்கம் திரும்பினாள்.

"அப்பாவுக்குத் தெரியவே தெரியாதா, நான் அவரப் பத்தி எழுதினது?"

"தெரியாது."

அவள் சட்டியை மறுபடி தன் பக்கம் இழுத்தாள். தேய்க்கவில்லை.

"பதினேழு நாளுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம்லாண்ணே," என்றாள்.