கோபுரத்தைக் கண்டால் பாயும் வண்டி

கணுக்காலில் ஐஸ் கட்டியை வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

துபாயிலிருந்து வந்திருக்கும் அண்ணிக்காக, இன்று தஞ்சாவூரைச் செக்வேயில் சுற்றிப் பார்க்கப் போனோம். நின்றுகொண்டே ஓட்டும் இரண்டு சக்கர வண்டி. "முன்னால சாஞ்சா ஓடும், பின்னால சாஞ்சா நிக்கும். அவ்ளோதாங்க," என்றார் கைடு.

பெரிய கோயில் கோபுரம் தெரிந்ததும் அண்ணி கைப்பிடியை விட்டுவிட்டு, நன்றாகக் குனிந்து ஒரு கும்பிடு போட்டார். வண்டி பாய்ந்துபோய் இளநீர்க் குவியலில் முட்டியது. குதித்து இறங்கி அவரைப் பிடித்ததில் என் கால் பிசகியது.

"மேடம், சாமிய மனசுக்குள்ள கும்பிடுங்க. குனியாதீங்க."

"அதெப்படிங்க, சாமி எதிர்ல வெறச்சுக்கிட்டு நிக்கிறது?"

தஞ்சாவூரில் தெருவுக்குத் தெரு கோயில். "அண்ணி, கை! கை!" என்று கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அரண்மனைக்குப் போவதற்குள் கைடு எங்களைக் கும்பிட்டார். "எறங்கிடுங்கம்மா. மிச்சத்த நடந்தே பாத்துக்கலாம்."

நொண்டிக்கொண்டே பாபநாசம் பஸ்ஸில் ஏறி, டிரைவருக்குப் பின்னால் இருந்த சீட்டில் விழுந்தேன். இனியாவது நிம்மதி என்று நினைத்தேன். ஊர் தாண்டும்போது சாலையோரம் ஒரு பிள்ளையார் கோயில் வந்தது. ஓடுகிற பஸ்ஸில் டிரைவர் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்து, நிதானமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"பாத்தியா, ஒனக்கும் பக்தி வந்துருச்சு," என்றார் அண்ணி.